பென்டிரைவ், போன், கடை கம்ப்யூட்டர்: மூன்றிலும் வந்தது ஒரே வைரஸ்தானா?

தங்கச்சிமடம் செராக்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் மெயின் ரோட்டை ஒட்டி 9 வருடமாக ஒரு செராக்ஸ் கடை நடத்துகிறேன். 2 கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். ஆதார் பிரிண்ட், கரண்ட் பில், ரயில் டிக்கெட், பரீட்சை விண்ணப்பம், படகுக்கார அண்ணன்மாரின் மீன்வளத்துறை வேலைகள் என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். இந்தக் கடைதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

போன வாரம் அடுத்தடுத்து மூன்று விஷயங்கள் நடந்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை ஒரு கல்லூரிப் பையன் புராஜெக்ட் பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவ் கொண்டுவந்தான். உள்ளே இருந்த போல்டர் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாக ஒரு அம்புக்குறி. கிளிக் செய்ததும் திறந்தது, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் கடையில் செருகிய எல்லாப் பென்டிரைவிலும் அதே அம்புக்குறி. கிளிக் செய்தது பெரிய கம்ப்யூட்டரில். அடுத்த நாள் சின்னதிலும் வந்துவிட்டது.

வியாழக்கிழமை என் அண்ணன் மகன் ஆல்பம் டிசைன் செய்யும் சாப்ட்வேர் காசில்லாமல் கிடைக்கிறது என்று பெரிய கம்ப்யூட்டரில் கிராக் (காசு கட்டாமல் ஓட, பூட்டை உடைத்த திருட்டு நகல்) இறக்கிப் போட்டான். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடச் சொல்லியிருந்ததாம், அப்படியே செய்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஓடுவதுபோல் ஒரு பெட்டி வந்தது. முடியட்டும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பிறகு பார்த்தால் எந்த ஃபைலும் திறக்கவில்லை. எல்லாப் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து. 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490 என்று போல்டருக்குப் போல்டர் ஒரு கடிதம். என் தம்பி எடுத்த புது நன்மை (சர்ச்சில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா) வீடியோக்கள் அதில்தான் இருக்கின்றன. 23 பிள்ளைகளின் வீடியோ. இன்னும் ஒரு வீட்டுக்கும் கொடுக்கவில்லை.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒரு அண்ணன் சனிக்கிழமை வந்தார். அவர் போனைச் சின்ன கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு மாட்டி, பாஸ்புக் படத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை அவர் கணக்கில் 38,400 ரூபாய் போய்விட்டது. யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்கிறார். "உன் கடையில் கேபிள் மாட்டிய பிறகுதான் இப்படி ஆச்சு, உன் கம்ப்யூட்டர் வைரஸ்தான் என் போனுக்கு ஏறியிருக்கு" என்று கடை வாசலில் நின்று சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. இரண்டு நாளாகக் கடைக்கு ஆள் வரவில்லை.

என் கேள்வி இதுதான். இந்த மூன்றும் ஒன்றா? என் கடையிலிருந்துதான் அவர் போனுக்குப் போயிற்றா? அப்படிப் போயிருந்தால் அந்தப் பணத்துக்கு நான் பொறுப்பேற்க வேண்டும். அப்புறம் அந்த 72 மணி நேரம் முடிந்துவிட்டது, இனி 980 டாலரும் கட்டினால்தான் வீடியோ வருமா? ஒரு சர்வீஸ்காரர் எல்லாவற்றையும் ஃபார்மட் செய்ய 2,500 ரூபாய் கேட்கிறார், செய்துவிடட்டுமா?

அரண்மனை சர்வீஸ்:

அக்கா, ஃபார்மட் செய்ய வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டரிலும் நெட் கேபிளைக் கழற்றி வையுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் 14 வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன்.

நம் ஊரில் எல்லாவற்றையும் வைரஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மொத்தத்துக்கும் பொதுப்பெயர் மால்வேர். வைரஸ் அதில் ஒரு வகை மட்டும்தான். படகின் அடியில் சிப்பி ஒட்டிக்கொள்ளும் இல்லையா, படகு நகர்ந்தால்தான் சிப்பியும் நகரும். வைரஸும் அப்படித்தான், வேறொரு புரோகிராமிலோ டிஸ்க்கிலோ ஒட்டிக்கொண்டு, அது ஓடும்போதுதான் தானும் ஓடும். 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ அந்த ரகம். ஃபிளாப்பியின் தொடக்கப் பகுதியில் உட்கார்ந்திருக்கும். உள்ளே அவர்கள் பெயரும் போன் நம்பரும்கூட இருந்தன. உங்களுக்கு நடந்த மூன்றில் ஒன்றுகூட அந்த ரகம் இல்லை.

பென்டிரைவில் வந்தது வார்ம். கம்ப்யூட்டரில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால், அடுத்து செருகும் ஒவ்வொரு டிரைவிலும் தன்னைத் தானே நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அது செய்யும் தந்திரம் இதுதான்: நிஜ போல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட் வைக்கும். அந்த அம்புக்குறி அதுதான். நீங்கள் கிளிக் செய்ததும் முதலில் தன் ஸ்கிரிப்டை (சின்ன புரோகிராமை) ஓட்டிவிட்டு, பிறகு நிஜ போல்டரைத் திறந்து காட்டும். அதனால்தான் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் அதைக் கிளிக் செய்துதான் இருப்பார்கள்.

முன்பெல்லாம் கிளிக்கூடத் தேவைப்படாது. செருகியதும் தானாக ஓடும் வசதி விண்டோஸில் இருந்தது. 2008இல் வந்த ‘கான்ஃபிக்கர்’ என்ற வார்ம் அந்த வழியாகவும் பரவியது. 2011இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் பென்டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தியது. ஷார்ட்கட் தந்திரம் எங்கள் கடைக்கு அதிகமாக வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பையன்களின் ஃபைல் எதுவும் அழியவில்லை, மறைந்துதான் இருக்கிறது. போல்டர் ஆப்ஷனில் மறைந்த ஃபைலையும் சிஸ்டம் ஃபைலையும் காட்டச் சொன்னால் தெரியும். ஆனால் முதலில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகுதான் பென்டிரைவ். மாற்றிச் செய்தால் அடுத்த நிமிடமே திரும்ப ஏறிவிடும். விண்டோஸ் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் எழுவதற்கு முன்பே அது தேடும். சின்ன கம்ப்யூட்டரில் அதை ஓட்டுங்கள். பெரியதில் இப்போது கை வைக்க வேண்டாம்.

இனி முக்கியமான கேள்வி. இந்த வார்ம் விண்டோஸுக்காக எழுதிய ஸ்கிரிப்ட். போனில் இருப்பது ஆண்ட்ராய்டு. கேபிள் மாட்டும்போது அதன் நகல் போன் மெமரியில் போய் உட்காரலாம், ஆனால் அங்கே அதனால் ஓட முடியாது. ஓடாதது ஓடிபி படிக்காது. ஆகவே பணம் இந்த வழியாகப் போகவில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். அந்த அண்ணனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வாட்ஸாப்பில் வந்த எதையாவது இன்ஸ்டால் செய்தாரா? பணம் போனது எத்தனை மணிக்கு? நேரம் ரொம்ப முக்கியம் அக்கா, தேதி மட்டும் போதாது.

வீடியோ விஷயம். 980, பாதி விலை, 72 மணி நேரம், பொய்யான அப்டேட் பெட்டி, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இது ‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜேவியூ’ என்றும் சொல்லும் ரான்சம்வேர் குடும்பம். ஃபைலைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்பதுதான் ரான்சம்வேர். தானாகப் பரவி வருவதில்லை இது, கிராக் சாப்ட்வேருக்குள் ஒளிந்து வரும். அந்த அப்டேட் பெட்டியை வைத்தே உங்களை முக்கால் மணி நேரம் உட்கார வைத்து வேலையை முடித்திருக்கிறது. 2017 மே 12 அன்று வந்த ‘வானாக்ரை’ இதிலிருந்து வேறு. அது ரான்சம்வேர், கூடவே வார்மும். யாரும் எதையும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க் வழியாக 150 நாடுகளுக்கு மேல் போனது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது.

இப்போது உங்களுக்கு நல்ல செய்தி. இந்தக் குடும்பம் அவசரத்தில் வேலை செய்யும். ஒவ்வொரு ஃபைலிலும் ஏறக்குறைய முதல் 150 கேபியை மட்டும்தான் பூட்டும். ஒரு செராக்ஸ் ஸ்கேன் முழுதாகப் போய்விடும். ஆனால் 2 ஜிபி வீடியோவில் தலை மட்டும்தான் போயிருக்கும், உடம்பு அப்படியே இருக்கும். அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று இருந்தால், அதை மாதிரியாக வைத்துத் தலையைத் திரும்பக் கட்டும் சாப்ட்வேர் இருக்கிறது. தம்பியின் கேமராவை நாளைக்கே எடுத்து வையுங்கள். மெமரி கார்டை அழித்திருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம், அதில் புதிதாக எதையும் எடுக்கவும் வேண்டாம்.

அந்தக் கடிதத்தின் கடைசியில் உங்களுக்கென்று ஒரு நீளமான ஐடி இருக்கும். அது ஆங்கில டீ எழுத்தும் 1ம் சேர்ந்து முடிந்தால், பூட்டும் நேரத்தில் அதற்கு அவர்கள் சர்வர் கிடைக்கவில்லை, பொதுவான சாவியைப் போட்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் கருவியால் என்றாவது திறக்க வாய்ப்புண்டு. ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளத்திலும் பாருங்கள். டச்சுக் காவல்துறை, யூரோபோல் என்ற ஐரோப்பியக் காவல் அமைப்பு, இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016இல் தொடங்கியது, காசு கேட்காது. உங்கள் கம்ப்யூட்டரில் அந்தத் தளம் திறக்காமல் போகலாம். பாதுகாப்புத் தளங்களைத் திறக்கவிடாமல் செய்வதும் இதன் வேலை. வேறு போனில் பாருங்கள்.

72 மணி நேரம் என்பது உங்களைப் பதற வைக்க. அது முடிந்ததால் உங்கள் ஃபைலுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

தங்கச்சிமடம் செராக்ஸ்:

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு நேராக அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். முதலில் பேசவே இல்லை. அண்ணிதான் போனை எடுத்து வந்து கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4.50க்கு அவர் மச்சான் நம்பரிலிருந்து ஒரு ஃபைல் வந்திருக்கிறது. பெயர் தடைக்கால நிவாரணம் (மீன்பிடித் தடைக்காலத்துக்கு அரசு கொடுக்கும் பணம்), கடைசியில் ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப் இன்ஸ்டால் செய்யும் ஃபைல். "8,000 ரூபாய் கணக்கில் ஏற விவரம் சரிபார்க்கவும்" என்று தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். மச்சான் அனுப்பியதாயிற்றே என்று போட்டிருக்கிறார். உள்ளே ஆதார் நம்பர், கணக்கு நம்பர், ஏடிஎம் கார்டு நம்பர் எல்லாம் கேட்டு வாங்கியிருக்கிறது. பிறகு அந்த ஆப்பின் ஐகானே திரையிலிருந்து மறைந்துவிட்டது. போனை ஜிப் பையில் போட்டுக்கொண்டு 6 மணிக்கு வடகடலுக்குக் கிளம்பிவிட்டார்.

வங்கியில் கொடுத்த தாளில் நேரம் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஒன்றும் இல்லை. விடிகாலை 5.12, 5.14, 5.19, மூன்று முறை எடுத்திருக்கிறார்கள். அது அவர் கரைக்குத் திரும்பும் நேரம் தம்பி. அங்கே வந்தால்தான் டவர் கிடைக்கும்.

கீழக்கரை மொபைல்:

தங்கச்சி, நீங்கள் சொன்ன நேரமே பதில் சொல்லிவிட்டது. சிக்னல் இல்லாத இடத்தில் போனுக்கு ஓடிபி வராது, வந்தால்தானே திருட முடியும். ராத்திரி முழுக்க அவன் முயற்சி செய்துகொண்டே இருந்திருப்பான். படகு டவருக்குள் வந்ததும் மெசேஜ் விழுந்தது, உடனே எடுத்துவிட்டான். அந்த நேரத்தில் உங்கள் கடை பூட்டிக் கிடந்தது.

இதற்குப் பெயர் டிரோஜன். எங்கள் பக்கம் தென்கடலில் கூடு வைத்து மீன் பிடிப்பார்கள். மீனை யாரும் உள்ளே தள்ளுவதில்லை, இரை இருக்கிறது என்று தானே நுழையும். நிவாரணம், வண்டி அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வோர் இரை. இன்ஸ்டால் செய்யும்போது மெசேஜ் படிக்க அனுமதி கேட்கும். நாம் ஓகே அழுத்திய பிறகு, வரும் ஓடிபி எல்லாம் அவனுக்கும் ஒரு நகல் போகும். அந்த அண்ணன் சத்தியம் செய்தது உண்மைதான், அவர் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. அவர் போன்தான் சொன்னது.

மச்சான் மேலும் யாரும் கோபப்பட வேண்டாம். அவர் போனிலும் இதே ஃபைல்தான் இருக்கும். மெசேஜ் படிக்க முடிகிறவன் அதே ஓடிபியை வைத்து வாட்ஸாப் கணக்கையும் பிடித்துக்கொள்வான், பிறகு அவர் பெயரிலேயே எல்லா குரூப்புக்கும் அனுப்புவான். எங்கள் ஊரில் ஒருவருடைய கணக்கைப் பிடித்து, துபாயில் இருக்கும் அவர் மகனிடமே ஆஸ்பத்திரிச் செலவென்று பணம் கேட்டார்கள். வாப்பா நம்பராயிற்றே, அவனும் அனுப்பிவிட்டான்.

இப்போதே செய்ய வேண்டியது: அந்தப் போனில் சிம்மைக் கழற்றி, வைஃபையையும் அணையுங்கள். வேறொரு போனிலிருந்து 1930க்குக் கூப்பிடுங்கள், சைபர் மோசடிக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் எண். போன பணம் அடுத்த கணக்கில் இன்னும் கிடந்தால் நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் வாய்ப்பு நிறைய இருந்திருக்கும், இப்போதும் விடக்கூடாது. வங்கியில் எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குச் சீட்டு கேளுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவால் போனது என்றே வைத்தாலும், தகவல் கொடுத்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அதனால் தேதியும் நேரமும் போட்ட சீட்டு கையில் இருக்க வேண்டும். ராமநாதபுரத்தில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, அங்கேயும் போகலாம்.

போனை ரீசெட் செய்யத்தான் வேண்டும், ஆனால் அவசரப்படக்கூடாது. அந்த மெசேஜ், ஃபைல் பெயர், வந்த நேரம் எல்லாவற்றையும் வேறு போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகு செய்யுங்கள். காவல் நிலையத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

அரண்மனை சர்வீஸ்:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னதற்கு மேல் போன் விஷயத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. நான் ஒன்றை விட்டுவிட்டேன், அது அக்கா கடைக்கு.

டிஜேவியூ பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கூடவே தகவல் திருடும் இன்னொன்றையும் இறக்கும். அது பூட்டாது, கடிதம் வைக்காது, சத்தமே இருக்காது. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைச் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிட்டுப் போய்விடும். எனக்கு ரான்சம்வேரைவிட இதைக் கண்டால்தான் பயம், ஏனென்றால் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. பெரிய கம்ப்யூட்டரில் யார் யாருடைய மெயிலைத் திறந்து வைத்திருந்தீர்கள், எந்தெந்த போர்ட்டலில் பாஸ்வேர்டைச் சேமித்தீர்கள் என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். எல்லாவற்றையும் உங்கள் போனிலிருந்து இன்றைக்கே மாற்றுங்கள். வாடிக்கையாளர்கள் யாருடைய மெயில் அதில் இருந்ததோ, அவர்களை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். சொல்லாமல் விட்டால் அடுத்த மாதம் இன்னொருவர் வாசலில் வந்து நிற்பார், அன்றைக்கு உங்களிடம் சொல்லப் பதில் இருக்காது.

ஆதார் ஸ்கேன்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்காதீர்கள். பிரிண்ட் எடுத்ததும் அழித்துவிடுங்கள்.

பென்டிரைவுக்கு ஒரு யோசனை. அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் யார் வீட்டிலாவது சும்மா கிடக்கும். அதில் மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய சிஸ்டம்) கூடவே வந்தது, பையன்கள் யாரும் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். வருகிற பென்டிரைவை எல்லாம் அதில் திறந்து பிரிண்ட் கொடுங்கள். விண்டோஸ் ஸ்கிரிப்ட் அங்கே ஓடாது, நிஜ போல்டரும் மறையாமல் தெரியும்.

தங்கச்சிமடம் செராக்ஸ்:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

1930இல் புகார் பதிவாகிவிட்டது. கடைசியாகப் போன 9,400 ரூபாய் இன்னொரு வங்கிக் கணக்கில் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், மற்றது எங்கே என்று இன்னும் தெரியவில்லை. வங்கியில் சீட்டு வாங்கிவிட்டோம். மச்சான் போனிலும் அதே ஃபைல் இருந்தது. அவர் கணக்கில் பணம் இல்லாததால் தப்பித்திருக்கிறார்.

ஐடி அந்த டீயும் 1மாக முடியவில்லை, அதனால் ஸ்கேன்கள் எல்லாம் போனது போனதுதான். வீடியோவில் தம்பி கேமராவிலிருந்து ஒரு நல்ல ஃபைலை வைத்து, நீங்கள் சொன்னபடி முயற்சி செய்தோம். 23இல் 19 ஓடுகிறது. இரண்டில் சத்தம் மட்டும் பின்தங்குகிறது, சரி செய்துவிடலாம் என்கிறான். மீதி நான்கு வீட்டுக்கு மெமரி கார்டில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பாஸ்வேர்டு சேமித்திருந்த 11 பேர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள். மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்து மாற்றிக்கொண்டார்கள்.

அந்த அண்ணன் நேற்று சாயங்காலம் கடைக்கு வந்தார். மீனவர் குரூப்பில் போடுவதற்கு அவரே பேசி ஒரு வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்யவேண்டும், எப்படிச் சொல்வது என்று கேட்டார். நிவாரணம் என்று ஏபிகே வந்தால் தொடாதே, மச்சான் அனுப்பினாலும் தொடாதே, கூப்பிட்டுக் கேள் என்று அவர் பாஷையிலேயே பேசினார். மூன்று தடவை மாற்றி மாற்றிப் பதிவு செய்து, விளக்கு வைக்கும் நேரத்தில் அனுப்பிவிட்டோம்.